பிளக் மாற்றியதிலிருந்து வண்டி உதறுகிறது: காயிலா, இன்ஜெக்டரா, பெட்ரோலா?

கேள்வி: என்னுடையது 2013 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான். ஸ்பார்க் பிளக் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதே என்று போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே நாலு பிளக்கையும் நானே மாற்றினேன். எஞ்சின் மேல் இருந்த தூசி போகட்டும் என்று முதலில் தண்ணீர் அடித்துக் கழுவினேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றித்தான் பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயிலைத் தொட முடிந்தது. ஒரு பிளக் கை தவறிக் கீழே விழுந்தது. உடையவில்லை, துடைத்துப் போட்டுவிட்டேன். ஸ்டார்ட் செய்ததிலிருந்து ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, வண்டி உதறுகிறது. ஏசி போட்டால் இன்னும் மோசம். நத்தம் ரோடு பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் எஞ்சின் விளக்கு சிமிட்டுகிறது. ஸ்கேனர் போட்டதில் பி0302 என்று வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்தான் கோளாறு என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டும். போகலாமா? இனிமேல் பிளக் வேலையை நானே பார்க்கலாமா, கூடாதா?

வாசகர், ஊமச்சிகுளம், மதுரை

பதில்: முதலில் கொடைக்கானல். வண்டி இப்போது இருக்கிற நிலையில் போகாதீர்கள்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால், சீக்கிரம் ஒரு நாள் பாருங்கள் என்று அர்த்தம். சிமிட்டினால் அப்படி இல்லை. ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள் என்கிறது. அந்த வழியில்தான் புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது. உள்ளே தேன்கூடு மாதிரி சன்னச் சன்னத் துளைகள் உள்ள பீங்கான். எஞ்சினில் எரிய வேண்டிய பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால், அந்தப் பீங்கான் உருகி வழியை அடைத்துக்கொள்ளும். பாலம் ஏறுகிற கொஞ்ச நேரத்துக்கே விளக்கு சிமிட்டுகிறது என்றால், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகு மேலே போய்ச் சேரும்வரை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற சமாசாரம் பல ஆயிரத்தில் போய் நிற்கும். சரிசெய்த பிறகு தாராளமாகப் போய் வாருங்கள். அதுவரை ஊருக்குள் மெதுவாக, ஏசி இல்லாமல், வேண்டிய அளவுக்கு மட்டும் எடுங்கள்.

அடுத்து, யார் சொல்வதைக் கேட்பது? இப்போதைக்கு மூன்று பேர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கையில் இருக்கிற பி0302 என்ற கோட் அவர்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது. கடைசி எண் 2. இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். நாலும் மாறி மாறி மிஸ் அடித்திருந்தால் பி0300 என்று வந்திருக்கும். பெட்ரோல் கெட்டிருந்தால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் கெட்டிருக்க வேண்டும். இரண்டாம் சிலிண்டருக்கு மட்டும் தனி டேங்க் கிடையாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் குழாய்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், அதெல்லாம் உண்மை. ஆனால் சனிக்கிழமை வரை ஒழுங்காக ஓடிய வண்டி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஸ்பேனரைக் கீழே வைத்த நிமிடத்தில் உதறத் தொடங்கியதற்கு எத்தனால் பொறுப்பேற்காது. நாலு காயிலையும் மாற்றச் சொன்னவருக்கும் இதே கேள்விதான்: மிஸ் அடிப்பது ஒன்று, மாற்றுவது ஏன் நாலு?

இதில் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோட் இடத்தைக் காட்டுமே தவிர, காரணத்தைக் காட்டாது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் வேகம் துளி கூடும். இரண்டாவதன் முறை வரும்போது மட்டும் கூடாமல் தளர்ந்தால், கம்ப்யூட்டர் பி0302 என்று எழுதி வைத்துக்கொள்கிறது. கரண்ட் வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இல்லையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் உணர்கிற உதறலுக்கும் கணக்கு இருக்கிறது. ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 400 முறை, நொடிக்கு ஆறேழு முறை, இரண்டாவதன் முறை வெறுமையாகப் போகிறது. நாலு பேர் தோள் கொடுக்கிற சப்பரத்தில் ஒருவர் மட்டும் நொடிக்கு ஆறு தடவை தோளை இழுத்துக்கொண்டால் எப்படி ஆடுமோ அப்படித்தான் ஸ்டீயரிங்கும் சீட்டும் ஆடுகின்றன. ஏசி போட்டால் கம்ப்ரஸர் சுமையும் மீதி மூன்றின் தலையில் விழுவதால் ஆட்டம் கூடுகிறது.

சரி, எங்கே தேடுவது? வேலை பார்த்த அன்றே கோளாறு வந்தால், வேலை பார்த்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் கை எதையெல்லாம் தொட்டதோ அந்த வழியிலேயே திரும்பி நடந்து பாருங்கள். புதிய சாமான் வாங்குவது அதற்குப் பிறகுதான். உங்கள் கடிதத்தில் அந்த வழி முழுக்க எழுதியிருக்கிறது: தண்ணீர், ஏர் ஃபில்டர் பெட்டி, காயில் (அதோடு அதன் ஒயரைச் செருகும் கப்ளர்), பிளக். இதில் நான் முதலில் சந்தேகப்படுவது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தக் கீழே விழுந்த பிளக்கைத்தான்.

‘உடையவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே தெரிய உடைந்திருக்காது. பிளக் விழுந்தால் இரண்டு விதமாகக் கெடும். பொறி பறக்கிற முனையில் உள்ள கொக்கிப் பக்கம் தரையில் மோதினால், கொக்கிக்கும் நடுக்கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியான கேப் குறுகிவிடும், சில நேரம் நடுக்கம்பியோடு ஒட்டியே போய்விடும். பீங்கான் பக்கம் அடிபட்டால் மயிரிழை விரிசல் விழும். இந்த விரிசல் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. பிளக்கைக் கழற்றித் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். வெள்ளைப் பீங்கான் இரும்பு உடம்புக்குள் போகிற இடத்துக்குச் சற்று மேலே கண்ணை வையுங்கள். பென்சிலால் இழுத்தது மாதிரி, மேலிருந்து கீழாக, கொஞ்சம் கோணலாக ஒரு கருப்புக் கோடு இருக்கிறதா? நகத்தால் சுரண்டினாலும் போகவில்லையா? அந்த வழியாகத்தான் கரண்ட் கசிகிறது. அந்தப் பிளக்கை மறுபடி போடாதீர்கள். ஆனால் பீங்கானைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி இளம் பழுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். ஓடிய பிளக் பலவற்றிலும் அது இருக்கும். அதைக் காட்டி ‘கேஸ் லீக் ஆகுது’ என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

விரிசல் விட்ட பிளக் சமதளத்தில் ஓரளவு ஓடும், மேட்டில் மானத்தை வாங்கும். அதற்குக் காரணம் உண்டு. காயில் 12 வோல்ட்டை 20,000, 30,000 வோல்ட் என்று ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. மேடு ஏற ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிறது. நெருக்கமான காற்றைத் தாண்டிப் பொறி பறக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அப்போது கரண்ட் கஷ்டமான வழியை விட்டுவிட்டு, விரிசல் என்கிற குறுக்குச் சந்தில் இறங்கி நேராக எர்த்துக்குப் போய்விடுகிறது. சிலிண்டருக்குள் பொறியே விழாது. பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது என்ற உங்கள் வரி இதனோடு நன்றாகப் பொருந்துகிறது.

பழைய பிளக்குகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இருந்தால் உங்கள் சோதனை பாதி முடிந்த மாதிரி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பழைய நாலையும் திரும்பப் போடுங்கள். உதறல் நின்றுவிட்டால் குற்றவாளி புதிய செட்டில்தான் இருக்கிறது. காயில், இன்ஜெக்டர், பெட்ரோல் எல்லாம் நிரபராதி. நிற்கவில்லை என்றால் பிளக்கை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். செலவே இல்லாத சோதனை இது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதைச் செய்யச் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை, அவர்களிடம் பழைய பிளக் இல்லை.

பழையது கையில் இருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். மரையின் நீளம் ஒன்றாக இருக்கிறதா? 19 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக்கும் உண்டு, 26.5 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. குட்டையானதைப் போட்டால் பொறி ஒரு குழிக்குள் பறக்கிற மாதிரி ஆகிவிடும், ஐட்லிங் கெடும். நீளமானது பிஸ்டனிலோ வால்விலோ தட்ட வாய்ப்பு உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். பிறகு நம்பர். உதாரணத்துக்கு என்.ஜி.கே. கம்பெனியில் பி.கே.ஆர்.6.இ-11 என்று ஒரு நம்பர் உண்டு. அதில் 6 என்பது சூட்டைக் கடத்துகிற தரம், கடைசியில் உள்ள 11 என்பது 1.1 மில்லிமீட்டர் கேப். அந்த 11 இல்லாத அதே பிளக் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும், கேப் மட்டும் குறைவு. இன்னொரு வில்லங்கமும் உண்டு. என்.ஜி.கே.யில் எண் கூடக் கூடப் பிளக் ‘குளிர்ச்சி’, அதாவது சூட்டை வேகமாகக் கடத்தும். பாஷ் கம்பெனியில் எண் குறையக் குறையத்தான் குளிர்ச்சி. எனவே ‘அந்தக் கம்பெனி இல்லை, இந்தக் கம்பெனியில் இதே நம்பர் போல இருக்கு’ என்று கவுண்டரில் இருப்பவர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ‘அண்ணே, பழைய பிளக் இந்தா இருக்கு, இதுக்குச் சரியான நம்பரைப் புத்தகத்துல பார்த்துக் குடுங்க’ என்று கேளுங்கள். டப்பா போலி நடமாடுகிற சாமான்களில் பிளக்கும் ஒன்று, பில் போட்டு வாங்குங்கள்.

கேப்பை பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சாதாரண நிக்கல் பிளக் என்றால் கொக்கியை மட்டும் மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக் என்றால் நடுக்கம்பி ஊசி மாதிரி இருக்கும். அதில் எதையும் நுழைத்து நெம்பக் கூடாது, நெம்பினால் முனை போய்விடும்.

இப்போது தண்ணீர். எஞ்சினைக் கழுவிவிட்டு வேலை பார்த்ததில் உங்கள் எண்ணம் நல்லதுதான், வழி சரியில்லை. பிளக் ஒரு ஆழமான கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே காயிலின் ரப்பர் மூடி மாதிரி உட்கார்ந்துகொள்வதால், உள்ளே போன தண்ணீர் மதுரை வெயிலுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் காயாது. எஞ்சின் சூட்டில் ஆவியாகி, திரும்ப அங்கேயே படியும். ஈரம் இருந்தால் கரண்ட் ரப்பரின் ஓரமாக வழுக்கிக் கிணற்றுச் சுவருக்குப் பாய்ந்துவிடும். ஆகவே இரண்டாம் காயிலைத் தூக்கியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தண்ணீரா, துருவா, எண்ணெயா? தண்ணீராக இருந்தால், பிளக் இன்னும் மாட்டியிருக்கும்போதே, நீளமான ஸ்க்ரூடிரைவரில் துணியைச் சுற்றி ஒற்றி எடுங்கள், பிறகு ஏர் அடியுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு துடைத்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். எண்ணெயாக இருந்தால் வால்வு கவரின் ரப்பர் சீல் போய்விட்டது என்று பொருள். அது ஞாயிற்றுக்கிழமை வந்த கோளாறு இல்லை, பழையது. சீலை மாற்றிவிட்டால் போதும்.

காயிலைக் கையில் எடுத்ததும் அதன் ரப்பர் குழாயைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே பாருங்கள். ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். பழைய பிளக்கை இழுக்கும்போது ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இந்த ஸ்பிரிங் நழுவிக் கிணற்றிலேயே தங்கியிருக்கலாம், அல்லது கோணலாகியிருக்கலாம். ரப்பரின் உள்சுவரில் மின்னல் கிளை விட்ட மாதிரி கருப்புக் கோடு இருந்தால் அந்த ரப்பர் இனி உதவாது. புதிய பிளக்கை அதற்குள் செருகினாலும் கரண்ட் அந்தக் கோட்டைப் பிடித்தே ஓடும், பிளக்கிலும் அதே கோட்டைப் பதித்துவிடும். பல வண்டிகளுக்கு ரப்பர் தனியாகவே கிடைக்கிறது, முழுக் காயில் வாங்க வேண்டியதில்லை.

பிறகு கப்ளர். இதைத்தான் எல்லோரும் ‘அதெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன்’ என்று தாண்டிப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். கழற்றும்போது அந்தச் சின்ன லாக் நாக்கு ஒடிந்திருந்தால், திரும்பச் செருகும்போது உட்கார்ந்த மாதிரி இருக்கும், ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வராது. எஞ்சின் ஆடுகிற ஆட்டத்தில் உள்ளே பின் தொட்டும் தொடாமலும் நிற்கும். செருகிவிட்டுப் பின்னால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அதுதான் உங்கள் கோளாறு. நாக்கு ஒடிந்த கப்ளருக்கு மாற்றுக் கப்ளர் கிடைக்கும், தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கியும் வைக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. பெரும்பாலான வண்டிகளில் டைமிங் செயின் அல்லது பெல்ட் உள்ள பக்கம் ஒன்றாம் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் நாலாவது. இரண்டாவதில் உள்ள காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதில் உள்ளதை இரண்டாவதிலும் போடுங்கள். ஸ்கேனரில் பழைய கோட் எண்ணை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கோட் பி0303 என்று மாறி வந்தால் காயில்தான், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பி0302 என்றே நின்றால் காயில் நல்லது. அடுத்து இரண்டாவது பிளக்கை நாலாவதற்கு மாற்றுங்கள். பி0304 வந்தால் பிளக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது நடந்ததால் எது சரியானது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. போனோடு இணைகிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் உங்கள் வண்டியோடு பேசுமானால், அதை வாங்கி வைத்துக்கொள்வது ஒவ்வொரு முறையும் ஒருவரைத் தேடிப் போவதை விட மேல்.

காயிலும் பிளக்கும் நகர்ந்தும் கோட் நகரவில்லை என்றால் இரண்டாவது மெக்கானிக் சொன்ன இன்ஜெக்டருக்கு இப்போது வரலாம். இரண்டாம் பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டு போங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. கரண்ட் பக்கமே திரும்பப் பாருங்கள். காய்ந்து வெறுமையாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. அப்போதும் உடனே இன்ஜெக்டர் கிளீனிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கும்போது இன்ஜெக்டர் கப்ளரும் ஒயரும் கைக்கு இடைஞ்சலாக வந்திருக்கும், அது நழுவியிருக்கலாம். ஊமச்சிகுளம் பக்கம் வீட்டைச் சுற்றித் தோட்டமும் வயலும் இருந்தால் எலியையும் நினைவில் வையுங்கள். சூடான எஞ்சின் மேல் வந்து படுத்து ஒயரைக் கடிப்பதை அது ஒரு தொழிலாகவே வைத்திருக்கிறது. ஒயரின் மேல்தோல் உரிந்து செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தாலோ, ஓரத்தில் எலிப் புழுக்கை கிடந்தாலோ, விஷயம் தெரிந்துவிடும்.

ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய சின்ன ரப்பர் குழாய்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐட்லிங் ஏறி இறங்கும், ‘உஸ்’ என்று சத்தமும் கேட்கும். ஆனால் அது பொதுவாக நாலு சிலிண்டரையும் சேர்த்துப் படுத்தும். உங்களுக்கு ஒன்று மட்டும் என்பதால் என் சந்தேகப் பட்டியலில் இது கீழேதான். ஓட்டை தேடுகிறேன் என்று சூடான எஞ்சின் மேல் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ தெளிக்கிறவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

வேலையின்போது பேட்டரி ஒயரைக் கழற்றியிருந்தால் கம்ப்யூட்டர் ஐட்லிங் பாடத்தை மறந்திருக்கும். அது பத்து, பதினைந்து நிமிடம் ஏசி போட்டும் போடாமலும் ஓடவிட்டால் தானாகத் தேறிவிடும். சிமிட்டுகிற விளக்கும் பி0302-ம் அதனால் வராது.

எல்லாம் பார்த்தும் இரண்டாவது சிலிண்டர் ஊமையாகவே இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று மட்டும் போடச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றும்போது கிணற்றோரம் இருந்த மண்துகள் உள்ளே விழுந்து வால்வு உட்காரும் இடத்தில் சிக்கினால் கம்ப்ரஷன் கசியும். பிளக்கைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். ஐட்லிங்கில் ‘டிக் டிக்’ என்று காற்று துப்புகிற சத்தம் கேட்டால் முறுக்கத்தைப் பாருங்கள்.

காயில் தனித்தனியாக இல்லாமல், ஒரே காயிலிலிருந்து நாலு கருப்பு ஒயர் போகிற பழைய வண்டி வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கு: உங்கள் வண்டியில் பிளக் மாற்றிய பிறகு உதறினால் முதலில் பார்க்க வேண்டியது ஒயர் இடம் மாறியிருக்கிறதா என்பது. நாலு சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். இரண்டு ஒயர் மாறினால் பின்னால் வெடிச்சத்தம்கூடக் கேட்கும். ஓடும் எஞ்சினில் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பானெட் பக்கமே வர வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாலே கசிகிற ஒயரில் நீலப் பொறி ஓடுவது தெரியும்.

கடைசிக் கேள்வி, இனிமேல் நீங்களே செய்யலாமா என்பது. செய்யுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கட்டும், காலை நேரம் நல்லது. அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை கழன்று கூடவே வரும். தண்ணீருக்குப் பதில் ஏர் அடித்துத் தூசியை ஊதிவிடுங்கள். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, போட்டு, அடுத்ததுக்குப் போங்கள். உள்ளே ரப்பர் உள்ள பிளக் சாக்கெட் வாங்கினால் பிளக் நழுவாது. புதிய பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி, விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது, மரையைத் தின்றுவிடும். வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக் என்றால் டார்க் ரெஞ்சில் (முறுக்குகிற அளவைக் காட்டும் ஸ்பேனர்) 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் என்றால் 15 முதல் 20. ரெஞ்ச் இல்லாவிட்டால், கையால் முறுக்கி நின்ற பிறகு புதிய 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதல் போதும். ஏற்கெனவே ஒரு முறை முறுக்கிக் கழற்றிய பிளக்கில் வாஷர் நசுங்கியிருக்கும், அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான். பழைய நாலைத் திரும்பப் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள். மரையில் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். தடவினால் அதே கை பலத்துக்குக் கூடுதலாக முறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கை மட்டும் எவ்வளவு துடைத்தாலும் எஞ்சினில் போடாதீர்கள், கடையில் அதே நம்பரில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.